உழவு மிசினிலிருந்து எம்ஜிபிக்கு ஓர் ஓல்டர்னேட்டர்

எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் உழவு மிசினின் ஓல்டர்னேட்டரைப் பூட்டியிருக்கிறோம் என்று சொன்னால், கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அக்கரைப்பற்றில் சொன்னால் "அதுக்கென்ன, நல்ல சாமான்தானே" என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே எழுதப்போகிறேன். அவசரமில்லாதவர்கள் ஒரு பிளேன்டியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள்.

கார் என்னுடையது இல்லை, சுவிஸில் இருக்கிற மச்சானுடையது. பண்டாரவளைப் பக்கம் ஒரு ஷெட்டில் நெடுங்காலம் கிடந்ததை ஆசைப்பட்டு வாங்கினார். அவர் வருவது வருடத்தில் ஒரு தடவை, அதுவும் கோயில் திருவிழாவோடு. மற்ற நாளெல்லாம் அது வினாயகபுரத்தில் எங்கள் வளவில் நிற்கிறது, திறப்பு என் கையில். 1965ஆம் ஆண்டுக் கார், முதலாவது மார்க். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ. 1957இல் அந்த எழுத்துக்கு எதிராக வடக்கிலும் கிழக்கிலும் போராட்டமே நடந்தது. இன்றைக்குப் பழைய கார்க்காரர்கள் அந்தத் தகடு இருந்தால் கூடக் காசு கேட்கிறார்கள்.

எம்ஜிபியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து இலட்சத்துக்கும் மேலே செய்து தள்ளிய கார். 1798 சிசி எஞ்சின், பிஎம்சியின் பி-சீரிஸ். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு அந்த எஞ்சின் அந்நியமே இல்லை. பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இதே குடும்பம். அம்பாசடர் மெக்கானிக் ஒருவரிடம் எம்ஜிபியின் பொனட்டைத் திறந்து காட்டினால் பாதி சாமானின் பெயரைக் கேட்காமலே சொல்லிவிடுவார்.

இப்போது விஷயம். பண்டாரவளையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று ஏ4 வீதியால் பொத்துவிலுக்கு வரும் வழியில் லகுகலைக் காடு குறுக்கிடுகிறது. பொழுது பட்டபின் அங்கே யானை நிற்கும். வேகமாகப் போகவும் முடியாது, லைட்டை அணைக்கவும் முடியாது. இரண்டாம் கியரில் ஊர வேண்டும். சில நேரம் எஞ்சினை ஓடவிட்டபடி, யானை மனம் வைக்கும்வரை காத்து நிற்க வேண்டும். எங்களுடையதைப் போல, பற்றரியைச் சார்ஜ் பண்ண டைனமோ பூட்டிய காருக்கு இதைவிடக் கெட்ட சோதனை கிடையாது. ஊர்கிற வேகத்தில் டைனமோ ஒன்றும் தராது. அந்த நேரம் எரிகிற எல்லாமே பற்றரியைத்தான் உறிஞ்சுகிறது. டேஷ்போர்டில் சிவப்பு லைட் மினுங்கும், முன் லைட் மெல்ல மெல்ல மஞ்சளாகும். எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமா என்ற கேள்வியை அந்த இடத்தில் நின்று யாரும் கேட்க விரும்ப மாட்டார்கள்.

டைனமோவைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஆங்கிலக் கார்க்காரர்கள் லூகாஸ் கம்பனியை இருட்டின் இளவரசன் என்று கேலி பண்ணுவார்கள். எனக்கு அந்தப் பகிடியில் உடன்பாடு இல்லை. இந்தக் காரில் வந்தது லூகாஸ் சி40 டைனமோ, உச்சம் 22 அம்பியர். 1965இல் அதைப் பூட்டியவர்கள் அன்றைய கணக்கைச் சரியாகத்தான் போட்டார்கள். கணக்கை மாற்றியது நாங்கள். மலையில் இருந்தபோதே யாரோ ஹாலஜன் மின்குமிழ் போட்டுவிட்டார்கள். கடற்கரை வெக்கைக்கு நாங்கள் ரேடியேற்றருக்கு முன்னால் மின் விசிறி ஒன்று வைத்தோம். மார்கழி மழையில் இரவு ஓட்டம் என்றால் முன் லைட் இரண்டுக்கும் எட்டரை அம்பியர், பின் லைட்டும் தகட்டு லைட்டும் இரண்டு, இக்னிஷன் மூன்று நான்கு, பெட்ரோல் பம்ப் ஒன்று, வைப்பர் மூன்று, விசிறி எட்டு. கூட்டினால் இருபத்தாறுக்குக் கிட்ட வருகிறது. வேகமாகப் போனால்கூட 22 போதாது என்பது கூட்டல் தெரிந்தவருக்கு விளங்கும்.

மெல்ல ஓடும்போது டைனமோ ஏன் ஒன்றும் தருவதில்லை? டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆமேச்சரில். முழுக் கரண்டும் காபன் பிரஷ் வழியாக, துண்டு துண்டான செப்புக் கம்யூட்டேட்டரில் உரசித்தான் வெளியே வர வேண்டும். கண்டபடி வேகமாகச் சுற்றினால் ஆமேச்சரின் கம்பிச் சுருள் பிய்ந்து வெளியே வந்துவிடும். ஆகவே பெரிய புல்லி போட்டு அடக்கிச் சுற்றவிடுகிறார்கள். அடக்கிச் சுற்றுவதால் ஐடிலில் சார்ஜ் இல்லை. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு சுற்றைத் தொட்டால்தான் சி40 பற்றரிப் பக்கம் திரும்பியே பார்க்கும்.

ஓல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. அதில் சுற்றுவது மின்காந்தம், மின்சாரம் பிறப்பது அசையாமல் இருக்கும் வெளிச் சுருளில். பிரஷ் வழியாகப் போவது அந்தக் காந்தத்துக்கான மூன்று நான்கு அம்பியர் மட்டும். சின்னப் புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம், ஐடிலிலேயே சார்ஜ் வரும். இவ்வளவு நல்ல யோசனை ஏன் முன்பே வரவில்லை என்றால், ஓல்டர்னேட்டர் தருவது ஆடலோட்டம், பற்றரிக்கு வேண்டியது நேரோட்டம். அதை மாற்றும் சிலிக்கன் டயோட் மலிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் போட்டது. எம்ஜி கம்பனி 1967 கடைசியில் மார்க் 2 எம்ஜிபியில் போட்டது. ஆக, எங்கள் கார் இரண்டு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. "ஒரிஜினலைக் கெடுத்துவிட்டீர்கள்" என்பவர்களுக்கு என் பதிலும் இதுதான். கெடுத்தது என்றால் முதலில் கெடுத்தது கம்பனி.

சரி, எந்த ஓல்டர்னேட்டர்? இங்கேதான் எல்லோரும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பிந்திய எம்ஜிபியில் வந்த லூகாஸ் 18ஏசிஆரை இங்கிலாந்திலிருந்து எடுப்பது ஒரு வழி. 2022இல் ரூபாய் விழுந்த விழுகைக்குப் பிறகு அப்படி எதையும் எடுக்க மனம் வருவதில்லை. அது பழுதானால் அடுத்ததற்கும் பார்சலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ட்ராட் சனி காரின் ஹிட்டாச்சி நல்ல சாமான், வயரிங்கும் லேசு, ஆனால் காலும் காதும் எம்ஜிபியின் பிராக்கெட்டுக்குப் பொருந்தாது. டீசல் வேன்களின் ஓல்டர்னேட்டருக்குப் பின்னால் பிரேக்குக்கான வெக்கூம் பம்ப் ஒட்டிக்கொண்டு வரும், எங்களுக்கு அது சுமை. லொறிச் சாமான் 24 வோல்ட், பேச்சே இல்லை. வெட்டு மிசினில் வரும் குபோட்டா வகை சின்னதாய், கைக்கு அடக்கமாய் இருக்கிறது. வெளிநாடுகளில் பழைய காருக்கு அதை விரும்பிப் போடுகிறார்கள். எனக்கும் அதில் ஒரு கண் இருந்தது.

பெடியன்கள் சிலர் 90 அம்பியர் போடச் சொன்னார்கள். கூடினால் நல்லதுதானே என்று. கூடினால் நல்லதில்லை. 90 அம்பியரை 14 வோல்டில் எடுத்தால் ஆயிரத்து இருநூற்று அறுபது வாட். ஓல்டர்னேட்டர் தின்கிற பாதியையும் சேர்த்தால் பெல்ட்டில் மூன்று குதிரைவலு தொங்கும். எம்ஜிபியில் இருப்பது விரல் அகலம்கூட இல்லாத ஒற்றைப் பெல்ட், அதுவே தண்ணீர்ப் பம்பையும் இழுக்க வேண்டும். பெல்ட் வழுக்கும். வழுக்காமலிருக்க இறுக்கினால் பம்பின் பேரிங் போகும். எங்கள் தேவை இருபத்தாறு, முப்பத்தாறு கிடைத்தால் ராஜா.

அக்கரைப்பற்றில் வாகன வயரிங் செய்கிற நானா ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவருடைய பட்டறையில் எப்போதும் இரண்டு ட்ராக்டராவது நிற்கும். காரைச் சுற்றி வந்து, டைனமோவில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, ஜப்பான் சாமான் தேடி அலையிற என்னத்துக்கு? மெஸி மிசினுக்கு வாற லூகாஸ் இரிக்கே. உங்கட காரும் லூகாஸ்தானே."

"நானா, அது ட்ராக்டர் சாமான் எல்லா?"

"அந்தக் காலத்து மெஸிக்கும் இந்த டைனமோதான் வந்த. நாங்க எத்தினை மிசினுக்கு இதக் கழட்டிட்டு ஓல்டர்னேட்டர் பூட்டியிருக்கம். இது நாலு சில்லுள்ள இன்னொரு மிசின், அவ்வளவுதான்."

அந்த இடத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டது. அம்பாறை வயல்களை உழுத பழைய மெஸி பெர்குசன் 35, 135 ட்ராக்டர்களில் இருந்ததும் லூகாஸ் டைனமோதான். எங்கள் பகுதி எலெக்ட்ரீசியன்மார் எம்ஜிபியை வாழ்நாளில் கண்டிருக்க மாட்டார்கள், ஆனால் எம்ஜிபியின் மின்சாரத்தை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு பக்கம், லூகாஸ் கம்பனியும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து 1961இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் சென்னை பாடியில் இன்றும் ஓடுகிறது. அதே சென்னையின் டாஃபே 1960களிலிருந்து மெஸி பெர்குசன் ட்ராக்டர் செய்கிறது, அந்த ட்ராக்டர்தான் எங்கள் வயலுக்கும் வந்தது. ட்ராக்டர் கடைகளில் கிடைக்கும் ஏ115 என்ற 36 அம்பியர் வகை யார் என்று பார்த்தால், எம்ஜிபியில் 1970களில் வந்த 17ஏசிஆரின் நேர் வாரிசு. 17ஏசிஆரும் 36 அம்பியர்தான். இங்கிலாந்திலிருந்து கப்பலில் எடுக்க நினைத்த சாமானின் சகோதரம் பாடியிலிருந்து வந்து அக்கரைப்பற்று அலுமாரியில் இருந்தது. பிரஷ், ரெகுலேட்டர், டயோட் தட்டு எல்லாம் தனித்தனியாக அதே கடையில் கிடைக்கும். குபோட்டா ஆசையை அப்போதே விட்டேன்.

பூட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் பெரிய வேலை. முதல் மார்க் எம்ஜிபியில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் பொடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய வாகனம் எல்லாமே இதற்கு மறுதலை. டைனமோவுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஓல்டர்னேட்டருக்கு அப்படியில்லை. உள்ளே ஆறு பிரதான டயோட், இவ்வழி விடும், அவ்வழி விடாது என்ற ஒழுங்கில் நிற்கின்றன. பற்றரியை மாறிக் கொடுத்தால் ஆறும் ஒரேயடியாகத் திறந்துகொண்டு பற்றரியை நேரே ஷோட் பண்ணிவிடும். புகையைக் காண ஒரு நொடி போதும். அதனால் முதலில் கார் முழுவதையும் நெகட்டிவ் பூமிக்கு, அதாவது நெகட்டிவ் பக்கம் பொடியோடு சேரும்படி, மாற்ற வேண்டும்.

மாற்றம் கேட்க எளிது. இருக்கைக்குப் பின்னால் தரையடியில் இரண்டு 6 வோல்ட் பற்றரி இருக்கும் இடத்தில் சின்னதாய் 12 வோல்ட் கார்ப் பற்றரி ஒன்றை வைத்தோம், ஏனென்றால் இந்தப் பக்கம் 6 வோல்ட் பற்றரி தேடுவது வீண் வேலை. முனைகள் இரண்டின் பருமனும் வேறுவேறு, கிளாம்பும் மாற்ற வேண்டும். வைப்பர் மோட்டர், ஹோர்ன், பழைய எஸ்யூ பெட்ரோல் பம்ப் எல்லாம் திசை பார்க்காதவை. இக்னிஷன் கொயிலில் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் எஞ்சின் ஓடும், அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிளக்கில் சூடாக இருப்பது நடு முனை. சூடான முனையிலிருந்து எலெக்ட்ரன் பாய்வது லேசு. மாறிப் போனால் அதே பொறிக்குக் கூடின வோல்ட் வேண்டும். மழைநாள் காலையில் அந்த வித்தியாசம் தெரியும்.

கஷ்டம் கொடுத்தது சுற்றுமானி. 1964 கடைசிக்குப் பிறகு வந்த எம்ஜிபியில் அது மின்னணுவில் இயங்குவது, பொசிட்டிவ் பூமிக்கென்றே செய்தது. அதைக் கழற்றிக் கல்முனைக்குக் கொண்டுபோனேன். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அம்ப்ளிபயர் திருத்துகிற ஒருவர், உள்ளே மின் ஊட்டம் வருகிற பக்கத்தையும், கொயிலுக்குப் போகும் வயர் சுற்றிப் போகிற திசையையும் மாற்றிக் கொடுத்தார். வேலையை விட, அந்தக் காலத்து ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டரைப் பார்த்த சந்தோஷம்தான் அவருக்குப் பெரிது. காசு வாங்க மறுத்து, பிறகு கொஞ்சம் வாங்கினார்.

பிராக்கெட் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: எஞ்சினில் பிறந்தபடி இருக்கிற எதையும் வெட்டுவதில்லை, துளைப்பதில்லை. டைனமோ நீளமானது, முன்னும் பின்னும் இரண்டு காதில் தொங்குவது. ஓல்டர்னேட்டர் கட்டை. பின் காதுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் வரும் இடைவெளியை லேத்தில் கடைந்த குழாய்த் துண்டு ஒன்று நிரப்பியது. இறுக்கும் பட்டையை மட்டும் புதிதாய் வளைத்தோம். எம்ஜிபியில் எக்ஸ்ஹோஸ்டும் காபரேட்டரும் இடப்பக்கம், டைனமோ வலப்பக்கம். ஆகவே சூடு பற்றிக் கவலை இல்லை.

புல்லி தனிக்கதை. ட்ராக்டர் புல்லி அப்படியே இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். ட்ராக்டர் எஞ்சின் உச்சத்திலும் இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றுத்தான். அதற்காக ஓல்டர்னேட்டருக்குச் சின்னப் புல்லி போட்டு விரட்டுவார்கள். எம்ஜிபி எஞ்சின் முழு வலுவைத் தருவதே 5,400 சுற்றில். அந்தச் சின்னப் புல்லியோடு அவ்வளவு சுற்றினால் ஓல்டர்னேட்டரின் பேரிங்குக்கு ஆயுசு கெட்டி இல்லை. அதைவிட, ட்ராக்டர் பெல்ட் அகலம், எம்ஜிபி பெல்ட் ஒடுக்கம். வி வடிவப் பெல்ட் பிடிப்பது இரண்டு பக்கச் சுவரில். ஒடுக்கமான பெல்ட்டை அகலப் பள்ளத்தில் போட்டால் அடியில் போய் இருந்துகொண்டு சுவரைத் தொடாது, வழுக்கும். டைனமோவின் பழைய புல்லி மிகப் பெரிது, ட்ராக்டர் புல்லி மிகச் சிறிது. இரண்டுக்கும் நடுவில், எங்கள் பெல்ட் அளவுக்குப் பள்ளம் வைத்து ஒன்று கடைந்தோம். நேர்ச்சட்டம் ஒன்றைத் தண்ணீர்ப் பம்ப் புல்லியின் முகத்தில் வைத்துப் பார்த்து, வாஷர் கூட்டிக் குறைத்து ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தது நானாவின் பொறுமை. இடையில் அசர் தொழுகைக்குப் போய் வந்தும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.

வயரிங்கில் லூகாஸின் நிற ஒழுங்கு பெரிய உதவி. கபிலம் என்றால் எப்போதும் பற்றரி, வெள்ளை என்றால் திறப்புப் போட்டபின் வருவது, பச்சை அதே திறப்பு வழி பியூஸ் தாண்டி, கறுப்பு பூமி. இதை மனதில் வைத்தால் புத்தகமே தேவைப்படாது. ஏ115இல் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் எஞ்சின் அறைச் சுவரில் இருந்து டைனமோவைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டிக்கு வேலை இல்லை. ஆனால் அதைக் கழற்றவில்லை. உள்ளிருந்ததை எடுத்துவிட்டு, கபில வயர்களின் இணைப்பை அதற்குள்ளேயே ஒளித்தோம். மூடியைப் போட்டால் 1965தான். பழைய சார்ஜ் வயர் 22 அம்பியருக்கென்று போட்டது. அதை நம்பாமல் 6 சதுர மில்லிமீற்றர் புது வயர் ஒன்றை ஸ்டார்ட்டர் வரைக்கும் நேரே இழுத்தோம். எம்ஜிபியின் கபில வழியில் பிறவியிலேயே பியூஸ் கிடையாது, அது எனக்குப் பயம். புது வயருக்குப் பெரிய பியூஸ் ஒன்று வைத்தோம். ஓல்டர்னேட்டரின் சின்ன முனை டேஷ்போர்டின் சிவப்பு லைட்டுக்குப் போகிறது. அந்த 2.2 வாட் மின்குமிழைச் சும்மா என்று நினைக்க வேண்டாம். ஓல்டர்னேட்டரின் காந்தம் விழிப்பதற்கான முதல் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. அது எரிந்துபோனால் சார்ஜ் தொடங்காமல் நிற்கும். எல்ஈடி போட்டாலும் அதே கதி.

பூமி இணைப்புகளில்தான் நானா அதிக நேரம் எடுத்தார். இந்தக் கரையில் உப்புக் காற்று செப்புக்குள் ஏறிவிடும், வெளியே உறை நல்லாயிருக்க உள்ளே பச்சை பூத்திருக்கும். 2004க்குப் பிறகு சுனாமித் தண்ணீர் குடித்த வாகனங்களில் வேலை செய்து பழகிய கை அது. செப்பு மினுங்குகிற இடம் வரும்வரை வயரை வெட்டிக்கொண்டே போனார். எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில் புதிதாய் ஒரு தடித்த பட்டை போட்டார்.

ஸ்டார்ட் பண்ணினோம். ஐடிலில், முன் லைட்டும் விசிறியும் ஓட, பற்றரி முனையில் மல்டிமீற்றர் 13.9 காட்டியது. கொஞ்சம் ஏறினால் 14.2. நானா மீற்றரைப் பார்க்கவே இல்லை, லைட்டைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி சொன்னார். பிறகு மச்சான் வந்தபோது பண்டாரவளைக்குப் போய் இரவிலேயே லகுகலை வழியாக இறங்கினோம். யானையும் நின்றது, நாங்களும் நின்றோம். முன் லைட் வெள்ளையாகவே எரிந்தது.

டைனமோவும் கட்-அவுட்டின் உள்ளுறுப்பும் எண்ணெய்த் துணியில் சுற்றி பெட்டியில் இருக்கின்றன. என்றைக்காவது மச்சானுக்கோ அடுத்த சொந்தக்காரருக்கோ போட்டியில் புள்ளி வாங்கும் ஆசை வந்தால் ஒரு பகலில் திரும்பப் பூட்டலாம், திசையை மட்டும் மறக்காமல். பொனட்டுக்குள் "நெகட்டிவ் பூமி" என்று பெயின்டில் எழுதிவைத்திருக்கிறேன், தமிழிலும் சிங்களத்திலும். பழைய பழக்கத்தில் யாராவது பற்றரியை மாறிக் கொழுவினால் போவது எங்கள் ஆறு டயோட்.

மிச்சம் இருப்பது முன் லைட்டுக்கு ரிலே போடுகிற வேலை. ஹாலஜனின் முழுக் கரண்டும் அறுபது வருடப் பழைய சுவிட்ச் வழியாகப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது பெரும்போக வெட்டுக் காலம், அக்கரைப்பற்றில் எந்த எலெக்ட்ரீசியனையும் வயலிலிருந்து இழுத்து வர முடியாது. பங்குனி கழியட்டும் என்று நானா சொல்லியிருக்கிறார்.